கடைக்குள் உலாவும் ரோபோ உண்மையில் எதைப் பார்க்கிறது?

காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு பெரிய கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். "வெளிநாட்டில இப்ப ரோபோதான் ஸ்டொக் எடுக்குதாம், ஆளே தேவையில்லையாம்" என்பார் ஒருவர். "எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டா கணக்கு தானாச் சரியா வந்திடும்" என்பார் இன்னொருவர். கூடவே போனில் ஒரு வீடியோ காட்டப்படும். தட்டையான செம்மஞ்சள் இயந்திரங்கள் பெரிய பெரிய றாக்கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

மூன்று வேறு விஷயங்கள் இந்தப் பேச்சில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது, வீடியோவில் ஓடுபவை கடை ரோபோக்களே அல்ல. அவை அமேசன் போன்ற நிறுவனங்களின் களஞ்சியங்களில் சுமை தூக்குபவை. 2012இல் கீவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை 775 மில்லியன் டொலர் கொடுத்து அமேசன் வாங்கியபோது அந்தத் தொழில்நுட்பம் அதன் கைக்கு வந்தது. ஆட்கள் நடமாடாதபடி அடைத்து வைத்த தரையில்தான் அவை ஓடும். இரண்டாவது, வாடிக்கையாளர்கள் நடந்து திரியும் கடைக்குள் உலாவும் ரோபோ. அதற்குக் கையே கிடையாது, ஒரு சவர்க்காரக் கட்டியைக்கூடத் தூக்காது. மூன்றாவது கிளவுட் மென்பொருள். அது ரோபோ இல்லாமலும் வேலை செய்யும். எங்கள் ஊர்க் கடைகளுக்கு இன்றைக்கே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அது ஒன்றுதான்.

குழப்பம் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. ஆனால் மென்பொருள் விற்க வருகிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பிசைந்துதான் பேசுகிறார்கள். இலட்சக்கணக்கில் காசு கட்டப்போகும் முதலாளிக்கு, தான் வாங்குவது எது, அது எதைச் செய்யாது என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அடியிலிருந்தே தொடங்குவோம்.

## இடாப்பும் வகுப்பறையும்

பள்ளிக்கூடத்தில் காலையில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டு வரவு இடாப்பில் அடையாளம் போடுவார். 40 பிள்ளைகளில் 37 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை மணிக்கு அதிபர் இடாப்பைத் திறந்தால் அவருக்கும் 37 என்றுதான் தெரியும். அதற்கிடையில் வயிற்றுவலி என்று ஒரு பிள்ளையைத் தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார். இரண்டு பேர் மைதானத்தில் விளையாட்டுப் பயிற்சியில் நிற்பார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று தோழியோடு இங்கே வாங்கில் உட்கார்ந்திருக்கும். இடாப்பு பொய் சொல்லவில்லை, எழுதின நேரத்தில் அது சரி. எழுதின பிறகு நடந்தது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கடைக் கணினியில் தெரியும் கையிருப்பு எண்ணும் இப்படி ஒரு இடாப்புத்தான். இதற்கு இருப்புப் பதிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் கடையில் எத்தனை இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும் எண் அது. நேற்று 48 சவர்க்காரம் இருந்தது, இன்று லொறியில் 24 வந்தது, பில் போட்டு 30 விற்றது. கணினி 42 என்று காட்டும். அந்த 42ஐ யாரும் எண்ணவில்லை. கணினி செய்தது ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும். வந்ததையும் போனதையும் யாராவது பிழையாகப் பதிந்திருந்தால், 42ம் பிழை. பதியாமல் விட்டிருந்தாலும் பிழை.

ரோபோவின் வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் ஒரு சுற்று நடந்து, வாங்கில் யார் இருக்கிறார், யாருடைய இடம் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து வருகிறவரின் வேலை அது. இடாப்பு வைத்திருக்கும் அலுவலக அலுமாரிதான் கிளவுட். நடந்து பார்க்கிறவர் வேறு, அலுமாரி வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

## கணக்கு எங்கே பிசகுகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். ரோபோவைப் பற்றிப் பேசுகிற பலர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

ஒரு கடையில் சந்தனச் சவர்க்காரமும் வேப்பஞ்சவர்க்காரமும் ஒரே கொம்பனி, ஒரே விலை. ஒரு அம்மா மூன்று சந்தனம், மூன்று வேம்பு என்று ஆறு கட்டி கொண்டுவந்து வைக்கிறார். பின்னால் சனம் நிற்கிறது. பில் போடும் தம்பி ஒரு சந்தனக் கட்டியை எடுத்து ஆறு தரம் ஸ்கேன் பண்ணுகிறார், அல்லது ஒரு தரம் அடித்துவிட்டு ஆறால் பெருக்குகிறார். பில் தொகை சதம் பிசகாமல் சரி. காசுப் பெட்டி சரி. அம்மாவுக்கும் நட்டம் இல்லை. ஆனால் அந்த நொடியில் இரண்டு பதிவுகள் பழுதாகிவிட்டன. சந்தனத்தில் ஆறு போனதாகப் பதிந்திருக்கிறது, போனது மூன்று. வேம்பில் ஒன்றுமே போகவில்லை என்று பதிந்திருக்கிறது, போனதும் மூன்று. இரவு காசைக் கணக்குப் பார்க்கிறவருக்கு இது எந்தக் காலத்திலும் தெரியவராது.

இன்னும் வழிகள் இருக்கின்றன. கொம்பனி ரெப் இறக்கின பெட்டியில் 24 என்று எழுதியிருக்கும், உள்ளே 23 இருக்கும். எலி கடித்த மாப்பைக்கற்றை ஒதுக்கி வைப்பார்கள், பதிய மறப்பார்கள். பழைய பில்லுக்கு மாற்றிக் கொடுத்த பொருள் திரும்பவும் றாக்கையில் ஏறும், கணக்கில் ஏறாது. களவும் உண்டுதான். ஆனால் எல்லாப் பிசகுக்கும் களவையே காரணம் காட்டி வேலை செய்கிற பிள்ளைகளைச் சந்தேகிக்கும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. மேலே சொன்ன சவர்க்காரக் கதையில் களவெடுத்தவர் யார்?

கணினி வைத்த பெரிய கடைகளில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். நிக்கோல் டிஹொராஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 370,000 இருப்புப் பதிவுகளை எடுத்து, றாக்கையில் உண்மையில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள். 2008இல் வெளிவந்த அந்த ஆய்வில் 65 வீதமான பதிவுகள் உண்மையோடு பொருந்தவில்லை. மூன்றில் இரண்டு பங்கு.

இந்தப் பிசகுகளில் மிகக் கெட்டது ஒன்று இருக்கிறது. கணினியில் பொருள் இருக்கும், றாக்கையில் இருக்காது. இதைப் பொய் இருப்பு என்று சொல்லலாம். இது கடையில் எப்படிக் கேட்கும் தெரியுமா?

"காக்கா, வேப்பஞ்சோப்பு முடிஞ்சிட்டு."

"கம்பியூட்டர்ல ஆறு கிடக்கே, நல்லாப் பாரு மகன்."

இந்த இரண்டு வரிக்குள் ஒரு வாரம் போய்விடும். கணினி ஆறு இருக்கிறது என்று நம்புவதால் புதிதாக ஓடர் போடச் சொல்லாது. ஓடர் போடாததால் சாமான் வராது. சாமான் இல்லாததால் விற்காது. விற்காததால் அந்த ஆறு அப்படியே ஆறாகவே நிற்கும். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பிழை இது. நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்துக்கு இப்படி நடந்தால், பிழை தெரியவரும்போது பெருநாள் முடிந்திருக்கும்.

சுருக்கிச் சொன்னால்: கணினியில் இருப்பது எண்ணிக்கை அல்ல, வரவு செலவுக் கணக்கு. அந்தக் கணக்கு சின்னச் சின்னப் பிழைகளால் றாக்கையிலிருந்து மெல்ல மெல்ல விலகிப்போகிறது. ரோபோ என்ற யோசனை பிறந்ததே இந்த விலகலைக் கண்டுபிடிக்கத்தான்.

## பார்கோடுக்குள் என்ன இருக்கிறது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிரோய் என்ற ஊரின் மார்ஷ் கடையில் ஒரு சுவிங்கம் பைக்கற் முதன்முதலாக பார்கோடு ஸ்கேன் செய்து விற்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை அந்தக் கோடுகளுக்குள் இருப்பது ஒரு எண் மட்டும். எங்கள் கடைகளில் காணும் பெரும்பாலான சாமான்களில் அது 13 இலக்கம். இலங்கையில் பதிவெடுத்த நிறுவனங்களின் எண்கள் 479 என்று தொடங்கும். அதற்கு அர்த்தம் அந்த நிறுவனம் இங்கே எண் பெற்றது என்பதுதான். பொருள் இங்கேதான் தயாரானது என்பதற்கு அது அத்தாட்சி அல்ல.

கோடுகளுக்குள் விலை இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. விலை கணினியில் இருக்கிறது. எண்ணைப் பார்த்து கணினி விலையை எடுத்துக்கொடுக்கிறது. தராசு நிறுத்து ஒட்டித் தரும் லேபல் மட்டும் இதற்கு விலக்கு, அதற்குள் நிறையோ விலையோ சேர்ந்திருக்கும். ஆகவே "பார்கோடு போட்டாச்சு, இனி டேட் முடியுற சாமானை சிஸ்டமே சொல்லும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டி இறக்கும்போது திகதியை ஒருவர் தட்டி ஏற்றினால்தான் சிஸ்டம் சொல்லும். ஒரே பொருளின் ஆயிரம் பைக்கற்றுக்கும் ஒரே எண் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

## ரோபோ எப்படி நடக்கிறது, எதைப் பார்க்கிறது

கடைக்குள் உலாவும் ரோபோக்களில் அதிகம் பேசப்படுவது சிம்பி ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் டாலி. 2015இல் அறிமுகமானது. கீழே சில்லுகள் வைத்த அடித்தட்டு, அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் நெடுகிலும் கமராக்கள். பற்றரி குறைந்தால் தானே போய்ச் சார்ஜ் ஏற்றும் இடத்தில் நிற்கும். பார்வைக்கு அவ்வளவுதான்.

முதல் கேள்வி, அது எப்படி மோதாமல் நடக்கிறது? அதில் லைடார் என்ற கருவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை விட்டுவிட்டு அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து தூரத்தைக் கணிக்கும் கருவி அது. ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும் றாக்கையில் பட்டுத் திரும்ப ஒளிக்கு ஒரு செக்கனின் பதினைந்து கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். அதையும் அளக்கிறது. சுற்றிவர இப்படி அளந்த தூரங்களை வைத்துக் கடையின் தரைவரைபடம் ஒன்றைத் தானே வரைந்துகொள்கிறது. அந்த வரைபடத்தில் தான் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு கணமும் கணித்துக்கொண்டே நகர்கிறது. வழியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் அது வரைபடத்தில் இல்லாத புதுப்பொருள், உடனே நிற்கும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். றாக்கையில் எத்தனை இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

நேர்மையான பதில்: பெரும்பாலும் தெரியாது.

ரோபோ றாக்கை நெடுகப் போகும்போது கமராக்கள் படம் பிடித்துக்கொண்டே வருகின்றன. அந்தப் படங்கள் ஒட்டப்பட்டு ஒரு முழு றாக்கையின் நீளப் படமாகின்றன. பிறகு அந்தப் படத்தை மென்பொருள் படிக்கிறது. இந்தப் படிக்கும் மென்பொருளுக்குப் பட அடையாள மாதிரி என்று பெயர் கொடுக்கலாம். ஒவ்வொரு பொருளின் ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல் அது. இது இன்ன பால்மா, இது இன்ன தேயிலை, இந்த இடம் வெறுமை, இங்கே விலைத்துண்டில் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்று அது பிரித்துச் சொல்கிறது. கொம்பனி மட்டையின் நிறத்தை மாற்றினால் கொஞ்ச நாளைக்கு அது தடுமாறும். புதுப் படங்களைக் காட்டித் திரும்பப் பழக்க வேண்டும்.

படித்ததை இரண்டு விஷயங்களோடு ஒப்பிடுகிறது. ஒன்று, எந்தப் பொருள் எந்த றாக்கையில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று கடை முன்பே வரைந்து வைத்த ஒழுங்கு. இதை றாக்கை வரைபடம் என்போம். வகுப்பில் யார் எந்த வாங்கில் உட்கார வேண்டும் என்ற ஒழுங்கு இருப்பது இதற்குச் சமம். மற்றது, நாம் முன்பு பார்த்த இருப்புப் பதிவு. ஒப்பிட்ட பிறகு அது சொல்லக்கூடியவை இவைதான்: இந்த இடம் காலி. இந்தப் பொருள் இடம் மாறி இருக்கிறது. இந்த விலைத்துண்டு கணினியிலுள்ள விலையோடு பொருந்தவில்லை. கணினியில் ஆறு என்று இருக்கிறது, றாக்கையில் ஒன்றும் காணவில்லை.

கடைசியாகச் சொன்னது பொய் இருப்பு. அதை ஆள் தேடாமலே பிடித்துக் கொடுப்பதுதான் ரோபோவின் உண்மையான மதிப்பு.

இப்போது டின்மீன் அடுக்கியிருக்கும் தட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்னால் நான்கு டின் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐந்து டின் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நல்ல கடைகளில் பொருள் குறைந்தாலும் இருப்பதை முன்னுக்கு இழுத்து வைத்து றாக்கையை நிறைவாகக் காட்டுவார்கள். கமராவுக்குத் தெரிவது முன் வரிசை மட்டும். ஆழத்தை அளக்கும் கமரா வைத்த ரோபோக்கள் சில சாமான்களில் பின்னால் எவ்வளவு இடம் வெறுமை என்று ஓரளவு ஊகிக்கும். ஆனால் நான்கா இருபத்துநான்கா என்று எண்ணிச் சொல்ல முடியாது. பின்பக்க ஸ்டோரில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை அது பார்க்கவே பார்க்காது.

ஆகவே கடை ரோபோ ஸ்டொக் எடுப்பதில்லை. வருடக் கடைசியில் நாம் கதவைச் சாத்திவிட்டு, லைற் போட்டு, கொப்பியும் கையுமாக ஒவ்வொரு டின்னாக எண்ணுகிறோமே, அந்த வேலைக்கு அது பதில் அல்ல. அது செய்வது வேறு வேலை: ஒரு நாளில் பல தடவை சுற்றி வந்து, எங்கே இடாப்பும் வகுப்பறையும் ஒத்துவரவில்லை என்று காட்டுவது. அந்த இடத்துக்குப் போய்ப் பொருளை நிரப்புவதும் கணக்கைத் திருத்துவதும் மனிதரின் வேலையாகவே இருக்கின்றன.

## கிளவுட் வானத்தில் இல்லை

கிளவுட் என்றால் வேறொருவருடைய கணினி, இணையம் வழியாக நாம் வாடகைக்குப் பயன்படுத்துவது. அந்தக் கணினிகள் ஆயிரக்கணக்கில் குளிரூட்டிய கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அமேசனின் கிளவுட் கட்டடங்கள் எங்களுக்குக் கிட்டவாக இருப்பது ஹைதராபாத்திலும் மும்பையிலும். கல்முனையில் ஒரு பில் போட்டால் அது கடலடிக் கேபிள் வழியாக அங்கே போய்ப் பதிவாகி, அதே செக்கனுக்குள் திரும்பி வரக்கூடும்.

கடைக்கு இதனால் என்ன? மூன்று நன்மைகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. மட்டக்களப்பு டவுனில் ஒரு கிளை, செங்கலடியில் ஒரு கிளை என்று வைத்திருப்பவர் இரண்டு கடையின் இருப்பையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்; அங்கே தேங்கிக் கிடப்பதை இங்கே அனுப்பலாம். ரோபோ பிடிக்கும் படங்களைப் போல பாரமான தரவைக் கையாளக் கடைக்குள் பெரிய கணினி வைக்கத் தேவையில்லை. மூன்றாவது, கணக்கு கடைக் கட்டடத்தோடு சேர்ந்து அழியாது.

இந்த மூன்றாவதை எங்கள் கரையோரத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் கடல் வந்தபோது, உயிர்தப்பிய வியாபாரிகளின் கடன் கொப்பிகளும் கணக்குப் புத்தகங்களும் கடையோடு போயின. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களும் தண்ணீருக்குள் கிடந்தன. யார் எவ்வளவு தர வேண்டும், எந்தக் கொம்பனிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற ஒரு துண்டும் இல்லாமல் முதலிலிருந்து தொடங்கியவர்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குக்கு வேறொரு ஊரில் ஒரு பிரதி இருப்பது ஆடம்பரம் அல்ல. ரோபோவை மறந்துவிடுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே கிளவுட் கணக்கை நான் சிபாரிசு செய்வேன்.

"கரண்ட் போனா, நெட் போனா என்ன செய்யிறது?" என்ற கேள்வி நியாயமானது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாடு இது. நல்ல மென்பொருள்கள் நெட் இல்லாத நேரத்தில் பில்களைக் கடை இயந்திரத்திலேயே சேமித்து வைத்து, தொடர்பு வந்ததும் மேலே அனுப்பும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். எல்லா மென்பொருளும் இதைச் செய்யாது. வாங்கும் முன் நெட்டைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்க வந்தவர் தயங்கினால் அதுவே பதில்.

கிளவுட் செய்யாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அது கணக்கைத் திருத்தாது. சந்தனக் கட்டியை ஆறு தரம் அடித்த பில் மும்பைக்குப் போனாலும் அதே பிழையான பில்தான். முன்பு ஒரு கடைக்குள் இருந்த பிழை இப்போது எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் தெரியும், அதுதான் வித்தியாசம்.

இதுவரை பார்த்தது: பார்கோடு பொருளின் பெயரைச் சொல்கிறது. கிளவுட் கணக்கைப் பத்திரமாக வைத்து எல்லோருக்கும் காட்டுகிறது. ரோபோ முன் வரிசையைப் பார்த்து, கணக்கோடு ஒத்துவராத இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. மூன்றில் ஒன்றுகூட ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை.

## அப்படியென்றால் உண்மையாகவே எண்ணுவது எது?

ஆர்எஃப்ஐடி. றேடியோ அலையால் படிக்கப்படும் சிறு வில்லை அது. கடதாசி லேபலுக்குள் மெல்லிய அன்டெனாவும் மணலளவு சிப் ஒன்றும் இருக்கும். பற்றரி இல்லை. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்து, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பார்கோடுக்கும் இதற்கும் இரண்டு பெரிய வித்தியாசம். ஒவ்வொரு வில்லைக்கும் தனி எண், ஒரே பொருளின் ஆயிரம் பைக்கற்றுக்கு ஆயிரம் எண். அடுத்தது, கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. மடித்து அடுக்கிய துணிக்கட்டின் நடுவில் இருந்தாலும் பேசும். சில மீற்றர் தூரத்திலிருந்து, ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கில் படிக்கலாம்.

துணிக்கடைகள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். ஸாரா 2014 முதல் தன் கடைகளில் பெரிய அளவில் இதைக் கொண்டுவந்தது. விளையாட்டுப் பொருள் விற்கும் டெக்கத்லோன் தன் பொருள்களில் இந்த வில்லைகளை வைக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாறனும் சேலையும் விற்கும் கடைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஒரே நிறம் மாதிரித் தெரியும், பக்கத்தில் வைத்தால் கரை வேறு, நூல் வேறு, நெய்தவர் வேறு. ஒவ்வொரு துணிக்கும் தனி எண் என்பது அந்தச் சரக்குக்கு மிகப் பொருத்தம்.

பலசரக்குக் கடைக்கு இது சரிவராது. உலோகம் றேடியோ அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். டின்மீன், சோடாப் போத்தல், தயிர் எல்லாம் இதற்குப் பகை. வில்லை ஒன்றின் விலை சில அமெரிக்க சதம். சாறனில் அது தெரியாது, நெருப்புப்பெட்டியில் ஒட்டினால் இலாபமே போய்விடும்.

## வால்மார்ட் ஏன் நிறுத்தியது

ரோபோ வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உலகின் மிகப்பெரிய சில்லறை நிறுவனமான வால்மார்ட், பொஸா நோவா என்ற நிறுவனத்தின் றாக்கை பார்க்கும் ரோபோக்களை ஏறத்தாழ 500 கடைகளில் ஓடவிட்டது. ஆயிரமாக்கும் திட்டமும் இருந்தது. 2020 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ரோபோ பழுதானது என்பதல்ல காரணம். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் ஓடர்கள் கூடி, அவற்றை எடுத்துக் கொடுக்கும் ஊழியர்கள் நாள் முழுக்க றாக்கைகளுக்கிடையில் நடந்தார்கள். எது காலி, எது இடம் மாறியிருக்கிறது என்று அவர்களுடைய நடையிலிருந்தே தெரியவந்தது. ரோபோ தரும் பலனை எளிய வழியில் பெற முடிந்தபோது ரோபோவுக்கு ஏன் காசு?

இதோடு கதை முடியவில்லை என்பதுதான் சுவாரசியம். வால்மார்ட்டுக்குச் சொந்தமான சாம்ஸ் கிளப், 2022இல் தன் ஏறத்தாழ 600 கடைகளிலும் தரை கழுவும் ரோபோக்களின் மேல் கமராக் கம்பத்தைப் பூட்டியது. எப்படியும் எல்லா ஒழுங்கையிலும் போய்க்கொண்டிருக்கும் இயந்திரம், போகிற வழியில் றாக்கையையும் பார்க்கட்டும் என்ற யோசனை. செயின்ட் லூயிஸ் நகரத்து ஷ்னக்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனமோ டாலி ரோபோவை 2021இல் தன் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு விரித்தது. ஆகவே "ரோபோ தோற்றுவிட்டது" என்பதும் பிழை. றாக்கையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பிரயோசனமான வேலை. அதை மனிதர் பார்க்கிறாரா, கழுவும் இயந்திரம் பார்க்கிறதா, கூரையில் பூட்டிய கமரா பார்க்கிறதா என்பது செலவுக் கணக்கு. அமெரிக்கச் சம்பளத்தில் வரும் கணக்கும் எங்கள் சம்பளத்தில் வரும் கணக்கும் ஒன்றல்ல.

## எங்கள் கடைகளுக்கு எது பொருந்தும்

சும்மா ஒரு சுற்றுப் பாருங்கள். வாசலில் அரிசி மூட்டை, பக்கத்தில் சீனிச் சாக்கு, மேலே தொங்கும் பிளாஸ்டிக் வாளி, உறியில் அடுக்கிய எருமைத் தயிர்ச் சட்டி. பெட்டி ஒன்று இறக்கியிருந்தால் ஒழுங்கைக்குள் ஒருவர் பக்கவாட்டில்தான் போகலாம். சில்லு வைத்த ரோபோ இங்கே பத்தடி நகராது. நகர்ந்தாலும், சாக்கில் கிடக்கும் நாட்டரிசிக்குப் பார்கோடும் இல்லை, முன் வரிசையும் இல்லை. நிறுத்து விற்கும் சாமானில் சிந்துவதும் காய்ந்து நிறை குறைவதும் சேர்ந்தே இருக்கும். அதைத் தராசில் வைத்துத்தான் பிடிக்க முடியும்.

ஆனால் ரோபோ செய்யும் வேலையின் உள்ளே இருக்கும் யோசனை எங்களுக்கு முழுக்கப் பொருந்தும். வருடத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டி எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக, தினமும் கொஞ்சம் பார்ப்பது. இதைச் சுழற்சி எண்ணிக்கை என்பார்கள். காலையில் கடை திறந்ததும் ஒரே ஒரு தட்டு. இன்றைக்குச் சவர்க்காரம், நாளைக்குப் பால்மா. போனில் இருக்கும் இருப்புப் பதிவை வைத்துக்கொண்டு ஒரு தம்பியோ தங்கச்சியோ எண்ணுவது. பொருந்தாவிட்டால் அப்போதே திருத்துவது, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதுவது. அதிகம் ஓடும் சாமான் மாதத்தில் பல தரம் வரும், ஓடாத சாமான் ஒரு தரம் வந்தால் போதும். போனில் உள்ள கமராவே பார்கோடு படிக்கும். இதற்கு ஆகும் செலவு மாதாந்த மென்பொருள் கட்டணமும் காலையில் கால் மணித்தியாலமும்.

இதை எந்த ஒழுங்கில் தொடங்குவது என்று கேட்டால், நான் முதலில் பில் போடும் இடத்தைத் திருத்துவேன். ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியாக ஸ்கேன் பண்ண வேண்டும், ஒன்றை அடித்து ஆறால் பெருக்கக் கூடாது. வரிசை நீளும், சனம் முணுமுணுக்கும், பரவாயில்லை. அடுத்தது சாமான் இறக்கும் இடம். ரெப் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து எண்ணி, இருப்பதைப் பதிவது. இந்த இரண்டு வாசலும் சரியாக இருந்தால் பிசகின் பெரும்பங்கு உள்ளே வரவே வராது. இந்த இரண்டையும் செய்யாத கடைக்கு எத்தனை இலட்சத்துக்கு மென்பொருள் வாங்கிப் பூட்டினாலும் பொய் இருப்புத்தான் மிஞ்சும்.

பழுதைச் சொன்ன பிள்ளையை ஏசாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். "காக்கா, ஆறு இல்ல, ஒண்டுமே இல்ல" என்று சொல்கிறவர் பயந்து பேசாமல் இருந்துவிட்டால், கணினியில் அந்த ஆறு அப்படியே நிற்கும்.

மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதில் நான் அதிகம் அழுத்துவது ஒன்றை. நாளைக்கு இந்த மென்பொருள் வேண்டாம் என்று விட்டுவிட்டால், இத்தனை வருடத்துப் பொருள் பட்டியலும் கணக்கும் எக்செல் கோப்பாக என் கையில் கிடைக்குமா, அதற்குக் காசு கேட்பீர்களா? பதிலை வாயால் வாங்காமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் முதல் மாதமே ஒரு தரம் அந்தக் கோப்பை இறக்கி, உங்கள் கணினியில் திறந்து, சவர்க்காரத்தின் எண் சரியாக இருக்கிறதா என்று றாக்கையில் போய் எண்ணிப் பாருங்கள்.